மூன்று தேசிக்காயும் ஒரு தேங்காயும்

நான் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். கிழமை நாட்களில் வெள்ளவத்தை, ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனை. முப்பத்தொரு வருடமாக ஒரே படத்தைப் பலகையில் கீறிக்கொண்டிருக்கிறேன். விமானச் செட்டையின் குறுக்குவெட்டு, மேலே வேகமாக ஓடும் காற்று, கீழே மெதுவாக ஓடும் காற்று, நடுவில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. "விளங்குதா?" என்று கேட்பேன். கடைசி வாங்கில் இருக்கிறவர்கள் நித்திரையில் இருந்துகொண்டே "ஓம் சேர்" என்பார்கள். அவர்களில் பாதிப்பேர் இன்றைக்குக் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். அந்த அம்புக்குறியின் புண்ணியத்தில் சோதனை பாஸ் பண்ணி, பெரிய பெரிய விமானங்களில் ஏறிப் போனார்கள். நான் வெண்கட்டியோடு இங்கேயே நின்றுவிட்டேன்.

எனக்கு ஒரு விமானத்தைத் தனியாக ஓட்டவேண்டும். முந்நூறு பேர் ஏறுகிற விமானம் இல்லை. இரத்மலானையில் நிற்கிற, நான்கு பேர் முழங்கால் இடிபட இருக்கிற, ஒரே ஒரு புரொப்பெல்லர் வைத்த சின்ன செஸ்னா. ஐம்பத்தேழு வயதில் இதைச் சொல்ல வெட்கமாக இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஆனாலும் வேண்டும். சில பேருக்குக் காணி வேண்டும், சில பேருக்குப் பேரப்பிள்ளை வேண்டும். எனக்கு இது.

இளவயதில், சண்டைக் காலத்தில், இதைப் பற்றி வாய் திறக்க முடியாது. நாகேந்திரம் என்ற தமிழ்ப் பேரோடு போய் விமானம் ஓட்டப் படிக்கவேண்டும் என்று கேட்டிருந்தால், விண்ணப்பம் போகிற இடமும் வேறு, நான் போகிற இடமும் வேறு. அதனால் பார்க்க மட்டும் போனேன். தொண்ணூற்றேழாம் ஆண்டு ஒரு பின்னேரம், இரத்மலானை வேலிக்கு வெளியே, ஒரு குட்டி விமானம் இறங்குவதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். ஜீப் வந்தது. அடையாள அட்டையைப் பார்த்தார்கள், பேரைப் பார்த்தார்கள், என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். கல்யாணம் முடிந்து ஐந்து மாதம். என் மனைவி பாலேஸ்வரி அப்போது களுபோவில ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெள்ளை உடுப்போடு டியூட்டியிலிருந்து நேரே பொலிசுக்கு வந்தாள். இன்ஸ்பெக்டருக்கு முன்னால் நின்று, தன் தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுழற்றி, "மெயாட்ட டிகக் பிஸ்ஸு, சேர்" என்றாள். இவருக்குக் கொஞ்சம் விசர். இன்ஸ்பெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நம்பிவிட்டார். நம்பியது எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் சுடும்.

போன வருடம்தான் துணிந்தேன். மகள் மெல்பேணில் குடியேறியாயிற்று, பாலேஸ்வரி பென்ஷன் எடுத்தாயிற்று, சண்டை முடிந்து பதினைந்து வருடமாயிற்று, இனி யாருக்குப் பயப்பட? சனிக்கிழமைகளில் விமானம் ஓட்டப் படிப்பிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் போய்ச் சேர்ந்தேன். எனக்குக் கிடைத்த ஆசிரியர் பலீல். முப்பத்தாறு வயது, கொட்டாஞ்சேனைப் பெடியன். முதல் நாள் வகுப்பில் செட்டையின் குறுக்குவெட்டைக் கீறத் தொடங்கினான். நான் தொண்டையைச் செருமினேன். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு வெண்கட்டியை என் கையில் தந்தான்.

"நீங்களே கீறுங்க சேர். எனக்கு வெக்கமா ஈக்கி" என்றான்.

அன்றையிலிருந்து எங்களுக்கு ஒத்துப்போயிற்று.

படிப்பில் ஒரு கட்டம் இருக்கிறது. கிளம்பி, கடலுக்கு மேலே ஏறி, நான்கு மூலை திரும்பி, வந்து இறங்குவது ஒரு சுற்று. ஆறு ஏழு நிமிடம். அந்தச் சுற்றைப் பலீல் பக்கத்தில் இருக்க நூறு தரம் செய்யலாம், கணக்கில் வராது. ஒருநாள் அவன் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, "நீங்க போயிட்டு வாங்க" என்பான். பக்கத்துச் சீட் வெறுமையாக, நீ மட்டும் போய் ஒரு சுற்றுச் சுற்றி இறக்கவேண்டும். அதுதான் சோலோ. அதைச் செய்தவன்தான் விமானம் ஓட்டியவன். மற்றவன் எல்லாம் பயணி.

"நான் எறங்கினா எம்பத்திரண்டு கிலோ கொறயும் சேர்" என்று பலீல் ஒருநாள் சொன்னான். "அது ஒங்களுக்கு வெளங்கும். வழமையா ஏறுற மாதிரி ஏறாது. புடிச்சிட்டு ஈந்த ஆள் கைய விட்ட மாதிரி, டக்கெண்டு மேல போகும். அந்த ஒரு விசயம்தான் ஆயுசுக்கும் மறக்காது."

திணிவு குறைந்தால் ஏறும் வீதம் கூடும். இதை நான் எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! ஆனால் அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த எண்பத்திரண்டு கிலோவையே நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு அது வேண்டும். அந்த இலேசு எனக்கு ஒரு தரமாவது வேண்டும்.

வீட்டில் இதைத் தவிர வேறு கதை இல்லை. பாலேஸ்வரி பாவம், சாப்பாட்டு மேசையில் அவளுக்குத் தினமும் பாடம். ஒருநாள் இடியப்பத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மேசைவிரிப்பில் ஒரு கடுகை வைத்துக் காட்டினேன். "விமானம் நிக்கிற தார்த்தரையில இந்தளவு கல்லுக் கிடந்தாலும் காணும். புரொப்பெல்லர் அதை இழுத்தெடுக்கும், நுனி உடையும். அதால ஏதும் கிடக்கிறதைக் கண்டா எல்லாத்தையும் நிப்பாட்டிப் போடுவாங்கள். கூட்டித் துடைச்சு, ஆள் வந்து பாத்து, பிறகுதான் விடுவாங்கள். விளங்குதா?"

"சொதி ஆறுது" என்றாள் பாலேஸ்வரி.

அவள் கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

இனி வருத்தத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்குப் பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. குளிசையில் ஓடிக்கொண்டிருந்தது. குளிசை போடுகிறவனுக்கு, எல்லாம் ஒழுங்காக இருந்தால், விமானம் ஓட்ட மெடிக்கல் சேர்ட்டிபிக்கற் தருவார்கள். ஊசி போடத் தொடங்கினால் அதோடு சரி. என் மெடிக்கல் மார்ச் முப்பத்தொன்று வரைக்கும். கிளினிக் டொக்டரோ பெப்ரவரிக் கடைசியிலேயே, "இனிக் குளிசை காணாது, இன்சுலினுக்கு மாறுவம்" என்று சொல்லிவிட்டார். நான் அந்தக் கடுதாசியை மடித்துப் பௌதிகவியல் கடந்தகால வினாத்தாள்களுக்கு நடுவே வைத்தேன். நர்ஸைக் கட்டியவன் செய்யக்கூடாத வேலை. மூன்றாம் நாள் எடுத்துவிட்டாள்.

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. கடுதாசியை மேசையில் விரித்துவைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அந்தத் தனிய ஓடுறது எப்ப?"

"இன்னும் ரெண்டு மூண்டு சனிக்கிழமை. அதுக்குள்ள முடிச்சிடுவன்."

"முப்பத்தோராம் திகதி மட்டும் பொறுக்கிறன். ஒண்டாம் திகதி ஊசி. பிறகு ஒரு கதையும் கதைக்கக்கூடாது."

கை கொடுத்தேன். உண்மையாகவே கை கொடுத்தேன்.

அந்த இரண்டு மூன்று சனிக்கிழமைகள் என்னை வைத்து விளையாடின. ஒரு கிழமை பற்றரி செத்துக் கிடந்தது. அடுத்த கிழமை யாரோ பெரிய ஆள் வருகிறார் என்று சின்ன விமானங்களை எல்லாம் கட்டிப்போட்டார்கள். அதற்கடுத்த கிழமை காலையில் ஒரே பனிப்புகார். நான்காம் கிழமை பலீலோடு எட்டுச் சுற்று. எட்டும் நெய் மாதிரி இறங்கின. "அடுத்த சனி நான் எறங்குறன் சேர்" என்றான்.

அடுத்த சனி மார்ச் இருபத்தொன்பது. ஞாயிறு விமானத்தைப் பிரித்துச் சோதிக்கிற நாள். திங்கள் நோன்புப் பெருநாள், பள்ளிக்கூடம் பூட்டு. பின்னேரப் பறப்பும் இல்லை. நோன்பு மாதத்தில் தான் காலையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஏறுவதில்லை என்று பலீல் முதலே சொல்லியிருந்தான். ஆக, எனக்கு ஒரு காலை இருந்தது.

அன்று விடிய எழும்பிவிட்டேன். பாணும் சம்பலும் வைத்தாள், ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டு மிச்சத்தை அவள் பார்க்காத நேரம் பேப்பரில் சுற்றி வாளிக்குள் போட்டேன். சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் குளிசையை மட்டும் ஒழுங்காகப் போட்டேன், இன்றைக்குச் சீனி கூடிவிடக்கூடாது என்று. படித்தவன் செய்கிற மடைத்தனம் இப்படித்தான் இருக்கும்.

வெளிக்கிட்டு வாசலுக்கு வந்தால், பாலேஸ்வரி சீலை உடுத்து, கையில் பையோடு நிற்கிறாள்.

"நானும் வாறன்."

ஒரு வருடமாக ஒருநாளும் வராதவள். நான் பையைப் பற்றிக் கேட்டேன்.

"மூண்டு தேசிக்காய். சில்லுக்கு வைக்க."

"அடி ஆத்தை! அது என்ன புது வாகனமோ?"

"உங்களுக்குப் புதுசுதானே. தனிய ஓடுறது."

எங்கள் சனத்துக்குச் சில்லு உள்ள எது என்றாலும் தேசிக்காய் வைத்துத்தான் முதல் ஓட்டம். சைக்கிளுக்கு வைப்பார்கள், லொறிக்கு வைப்பார்கள். ஆனால் பாலேஸ்வரி அப்படிப்பட்டவள் இல்லை. நாங்கள் முன்பு வைத்திருந்த வான் வண்டியை வாங்கியபோது பக்கத்து வீட்டு நிஷாந்தினிதான் தேசிக்காய் கொண்டுவந்து வைத்தாள், இவள் வேலைக்குப் போய்விட்டாள். அதனால் அந்த மூன்று தேசிக்காயும் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தன.

திரீவீலரில் போனோம். தெஹிவளைப் பாலம் தாண்டும்போது எனக்கு வேர்க்கத் தொடங்கியது. காலைக் காற்று முகத்தில் அடிக்க அடிக்க வேர்த்தது. விரல் நுனிகள் இலேசாக ஆடின. எனக்கு அது என்னவென்று தெரியும். பன்னிரண்டு வருட வருத்தக்காரனுக்குத் தெரியாதா? பொக்கற்றிலிருந்து ஒரு டொபியை எடுத்து, இருமுகிற சாட்டில் வாயில் போட்டுக்கொண்டேன். பாலேஸ்வரி றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் வேர்வை அடங்கியது. இரத்மலானைச் சந்தி வந்ததும் அவள் திடீரென்று ட்றைவரின் தோளில் தட்டினாள்.

"மல்லி, பொட்டக் நவத்தன்ன."

அவன் நிறுத்தியதும் இறங்கிப் போய் ஒரு மரக்கறிக் கடையில் தேங்காய் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாள். பக்கத்துப் பேக்கரியில் இரண்டு பணிஸும்.

"இனி மேளகாரரையும் பிடிச்சுக்கொண்டு போவமோ?" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

பலீல் அவளுக்கு ஸலாம் வைக்காத குறையாக மரியாதை காட்டினான். தேசிக்காயைப் பார்த்ததும் வாய் காதுமட்டும் போயிற்று. "நசுக்கேலா மேடம், தரையில சாறு படக்கூடா. சும்மா சில்லுல தொட்டு வெச்சிட்டு எடுத்துருங்க, அல்லாஹ் ஏத்துக்குவான்" என்றான். அவள் முன்சில்லுக்கு ஒன்று, பின்சில்லுகளுக்கு ஒவ்வொன்று என்று குனிந்து வைத்து, கண்ணை மூடி நின்றாள். பிறகு ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டாள். தேங்காயை வெளியே எடுக்கவில்லை.

"சாப்புட்டீங்களா சேர்?" என்று பலீல் கேட்டான். "நான்தான் நோன்பு. நீங்க வெறுவயித்தோட ஏறப்புடாது."

"ஓம், வடிவாச் சாப்பிட்டன்" என்றேன். பொய் சுலபமாக வந்தது.

முதலில் அவனோடு ஒரு சுற்று. கிளம்பினோம். கல்கிசைக் கடற்கரை கீழே ஒரு வெள்ளைக் கரையாகச் சரிந்தது, தண்டவாளம் தெரிந்தது, தெஹிவளை தாண்டி வெள்ளவத்தை மாடிவீடுகளின் தண்ணீர்த் தொட்டிகள் கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தன. அதில் ஒன்று எங்களுடையது. திரும்பினேன், இறங்கினேன். சில்லுகள் தரையைத் தொட்டது கூடத் தெரியவில்லை. வந்து நிறுத்தி எஞ்சினை அணைத்ததும் பலீல் தன் பெல்ற்றைக் கழற்றினான்.

"நான் உள்ள போய் பொத்தகத்துல கையெழுத்துப் போட்டுட்டு வாறன். டவர்ல பத்து நிமிசம் தந்தீக்கிறாங்க. பொறகு வேற விமானம் வருது. நீங்க ரெடியாகுங்க சேர். இனி ஒங்கட விமானம்."

கதவைச் சாத்திவிட்டுப் போனான். நான் வெறும் சீட்டைப் பார்த்தேன். அந்த வெறுமையைப் பார்க்க முப்பது வருடம் காத்திருந்தேன். கண் கலங்கியது என்று எழுத எனக்கு வெட்கமில்லை. இறங்கி, வழக்கப்படி விமானத்தைச் சுற்றி ஒருதரம் பார்க்கத் தொடங்கினேன். பாலேஸ்வரி கிட்ட வந்தாள். அவளை விடக்கூடாத இடம், ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளுக்கு ஒரு மஞ்சள் அங்கியை மாட்டிவிட்டிருந்தார்கள். பணிஸை நீட்டினாள்.

"இதைச் சாப்பிட்டிட்டு ஏறுங்கோ."

"பிறகு."

"பாதியெண்டாலும்."

"பலீல் நோன்பு. அவனுக்கு முன்னால என்னெண்டு சாப்பிடுறது?" என்றேன். பலீலோ உள்ளே இருந்தான். பத்து நிமிடத்தில் ஒன்றரை போயிருந்தது. பணிஸ் சாப்பிட அரை நிமிடம் காணும், ஆனால் அதைச் சாப்பிட்டால் எனக்கு ஏதோ என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. எரிபொருளைப் பார்க்கிற மூடியைத் திறக்கப் போனேன். விரல்கள் மறுபடி ஆடின. மூடி கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்தேன். நிமிர்ந்தபோது பாலேஸ்வரி விமானத்தின் மூக்குக்கு நேர்முன்னே நின்றாள். கையில் தேங்காய். தலைக்கு மேலே தூக்கினாள்.

"ஏய்!" என்றேன்.

அடித்தாள். கோயில் வாசலில் அடிப்பது போல, முழுப்பலத்தோடு. தேங்காய் நூறு துண்டாகச் சிதறியது. சில்லுக்கடியில், புரொப்பெல்லருக்கடியில், அந்தப் பக்கம் நின்ற அடுத்த விமானத்துக்கடியில். தேங்காய்த் தண்ணீர் தார்த்தரையில் ஒரு பெரிய வட்டமாகப் பரவியது.

அடுத்த நிமிடம் மஞ்சள் வாகனம் ஒன்று விளக்கைச் சுழற்றிக்கொண்டு வந்தது. இறங்கியவர் தரையைப் பார்த்தார், பாலேஸ்வரியைப் பார்த்தார். "அய்யோ நோனா, மே மொகத கரே?" என்றார். என்ன செய்தாய் என்று கேட்பவர் கோபத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே விளங்காமல் கேட்டார். அவள் கையைக் கட்டிக்கொண்டு, "தெய்யன்ட்ட, மாத்தயா" என்றாள். கடவுளுக்கு.

விளக்குமாறுகள் வந்தன. வாளிகள் வந்தன. அங்கே நின்ற எல்லா விமானத்தையும் நிறுத்திவைத்து, சிரட்டைத் துண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். ஆள் வந்து பார்த்து, இன்னும் ஒரு துண்டு கண்டு, மறுபடி கூட்டச் சொன்னார். பத்து நிமிடம் போயிற்று. அரை மணித்தியாலம் போயிற்று. வர இருந்த விமானம் வந்து இறங்கியது. பலீல் வாசலில் நின்று மணிக்கூட்டையும் வெய்யிலையும் பார்த்தான். நடந்ததைப் பற்றி எழுதிக் கொடுக்கவேண்டிய கடுதாசி ஒன்று அவனுக்குக் காத்திருந்தது.

"சேர்" என்றான். "இண்டக்கி இனி ஏலா."

நான் என் மனைவியைத் திட்டினேன். பலீலுக்கு முன்னால், கூட்டுகிறவர்களுக்கு முன்னால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு முன்னால். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவளுக்கு ஒரு கல்லளவு மூளை இல்லையா என்றேன். விசரியைக் கூட்டிக்கொண்டு வந்தது என் பிழை என்றேன். திரீவீலரில் ஏறியதும் அவள் பணிஸை மறுபடி நீட்டினாள். அவ்வளவு கோபத்திலும் இரண்டு பணிஸையும் சாப்பிட்டு முடித்தேன்.

ஒன்றாம் திகதி ஊசி தொடங்கியது. அவளே போட்டாள். வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்து, "பத்து மட்டும் எண்ணுங்கோ" என்பாள். நான் எண்ணமாட்டேன். ஐந்து நாள் நான் அவளோடு கதைக்கவில்லை. குசினி ஜன்னலில் அந்த மூன்று தேசிக்காயும் இருந்தன, டயர்க் கறுப்பு ஒட்டியபடி. போகும்போதும் வரும்போதும் கண்ணில் பட்டன.

ஆறாம் நாள் பின்னேரம், ஊசி முடிந்து அவள் பஞ்சை அமர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தபோது, எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் சொன்னது ஒண்டும் உம்மட காதில ஏறேல்லையோ? இந்த மேசையில கடுகை வச்சுக் காட்டினனான்."

"இந்தளவு கல்லுக் கிடந்தாலும் காணும்" என்றாள் பாலேஸ்வரி. "புரொப்பெல்லர் இழுத்தெடுக்கும், நுனி உடையும். எல்லாத்தையும் நிப்பாட்டிக் கூட்டித் துடைச்சு, ஆள் வந்து பாத்துத்தான் விடுவாங்கள்."

என் குரலிலேயே சொன்னாள், "விளங்குதா" மட்டும் இல்லை.

"தெரிஞ்சுகொண்டோ உடைச்சனீர்?"

"ஓம்."

"ஏன்?"

"தெஹிவளைப் பாலத்தில உங்களுக்குச் சீனி இறங்கினது எனக்குத் தெரியாதோ? டொபி தின்டதும் தெரியும். பாணை வாளிக்குள்ள போட்டதும் தெரியும்." பஞ்சை எடுத்துப் பார்த்தாள், இரத்தம் இல்லை. "பலீலோட போகேக்கை நான் பயப்பிடேல்லை. அந்தப் பெடியன் பக்கத்தில இருந்தான். இறங்கி வந்தனீங்கள், பணிஸைத் தந்தனான். அதைச் சாப்பிட்டிருந்தா விட்டிருப்பன். சத்தியமா விட்டிருப்பன். மூடி கையிலயிருந்து விழுந்துது."

"பலீலிட்டைச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா? இவருக்கு ஏலாது, மயங்கி விழப்போறார், இறக்கு எண்டு? அத்தினை சனத்துக்கு முன்னால? பிறகு அந்தப் பெடியன் உங்களை 'சேர்' எண்டு கூப்பிடுறது வேறமாதிரி இருந்திருக்கும்." ஊசிப் பெட்டியை மூடினாள். "அண்டைக்குப் பொலிசில உங்களுக்கு விசர் எண்டு சொல்லித்தான் எடுத்தனான். உங்களுக்கு இண்டைக்கும் அது சுடுது எண்டு எனக்குத் தெரியும். அதான் இந்த முறை விசர் என்னோட இருக்கட்டும் எண்டு விட்டனான்."

அந்தத் தார்த்தரையில் அவளைப் பார்த்துக் கத்திய ஒவ்வொரு சொல்லும் திரும்பி வந்தது. அவள் அதையெல்லாம் தெரிந்தே வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள், மஞ்சள் அங்கியோடு.

"அப்ப தேசிக்காய்?" என்று கேட்டேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"தேசிக்காய் உண்மை. தேங்காய்தான் பொய்."

கீழே காலிக்குப் போகிற பெருவீதியில் பஸ்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

"நான் போயிருப்பன், பாலேஸ்" என்றேன். பொய் சொல்ல எனக்கு இனி என்ன மிச்சம்? "கை நடுங்கினது எனக்கும் தெரியும். தெரிஞ்சும் ஏறியிருப்பன். நாளைக்கு விட்டாலும் ஏறுவன்."

"தெரியும்" என்றாள். "அதுதான் உடைச்சனான்."

அடுத்த சனிக்கிழமை காலை அவள் தோய்த்த உடுப்புகளைக் காயப்போட மொட்டைமாடிக்குப் போனாள். நானும் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன், ஒரு வருடமாகச் சனிக்கிழமை காலைகளில் நான் அங்கே ஏறியதில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை கிடந்தது. தெற்கு நோக்கிப் போட்டிருந்தது. அதிலிருந்து பார்த்தால் கல்கிசைக் கடல் தெரியும்.

"இது ஏன் இஞ்ச?" என்றேன்.

"எட்டரைக்கு நீங்கள் கிளம்புவீங்கள். ஒன்பதேகாலுக்குக் கடைசிச் சுற்று. அது முடியுமட்டும் எனக்குக் குசினியில நிக்க ஏலாது" என்றாள், சீலையை உதறிக்கொண்டு. ஒவ்வொரு சனியும் இருந்திருக்கிறாள். ஒருநாளும் சொன்னதில்லை.

அப்போது சத்தம் கேட்டது. இரத்மலானைப் பக்கமிருந்து அந்தச் சின்ன விமானம் கடலுக்கு மேலே வந்தது. வெள்ளையும் நீலமும். எங்கள் விமானம். பாலேஸ்வரி உடுப்புக் கொழுவியைக் கையில் வைத்தபடி நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, இது வழமையைவிடக் கெதியா ஏறுது என்ன?"

நான் பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஒரு வருடமாகப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அந்தச் சரிவு பிடிபட்டிருந்தது. விமானம் தலையைத் தூக்கி, பிடித்திருந்த ஆள் கையை விட்ட மாதிரி, மேலே போய்க்கொண்டிருந்தது. யாரோ ஒரு பிள்ளைக்கு இன்றைக்கு முதல்தரம். பலீல் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

"உள்ளுக்கு ஒருத்தர்தான்" என்றேன்.

அவளுக்கு அது என்னவென்று விளங்கியது. கொழுவியை வாளிக்குள் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். விமானம் முதல் மூலை திரும்பி, இரண்டாம் மூலை திரும்பி, வெள்ளவத்தைக் கடலோரமாக எங்களைப் பார்த்து வந்தது.

"இன்னும் கோபமோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

"சரி" என்றாள்.

கதிரையை இழுத்துத் தந்தாள். நான் இருக்கவில்லை, அவளை இருக்கச் சொன்னேன். விமானம் எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு நேரே கடலுக்கு மேலே போனது. பாலேஸ்வரி கையைத் தூக்கி அசைத்தாள். ஒவ்வொரு சனியும் இப்படித்தான் அசைத்திருப்பாள், நான் மேலேயிருந்து தொட்டிகளைத்தான் பார்த்திருக்கிறேன், அவளைப் பார்த்ததில்லை. நானும் கையைத் தூக்கினேன்.